சனிக்கிழமை கூலி... செவ்வாய்க்கிழமை காலி! தவணையில் கரையும் பனியன் தொழிலாளர் சம்பளம்

திருப்பூர்:-

சனிக்கிழமை ராத்திரி எட்டரை மணி. ஒன்றரை ஷிப்ட் முடிந்து பனியன் கம்பெனி கேட் திறந்ததும் ரோடு முழுக்க தலைகள். கையில் வாரச் சம்பளம். பேக்கரியில் கூட்டம், மளிகைக் கடையில் நிற்க இடமில்லை, செல்போன் கடை வாசலில் வண்டி நிறுத்த வழியில்லை. திருப்பூரில் பணம் புரள்வதைப் பார்க்க வேண்டும் என்றால் சனிக்கிழமை ராத்திரிதான் பார்க்க வேண்டும்.

அதே ஊரை செவ்வாய்க்கிழமை காலையில் பார்த்தால் வேறு காட்சி. ஏழு மணிக்கே காம்பவுண்டு வீடுகளின் வாசலில் பைக் வந்து நிற்கிறது. குரூப் லோன் வசூல். பெண்கள் வட்டமாக உட்கார்ந்து பணத்தை எண்ணிக் கொடுக்கிறார்கள். ஒரு பெண் மட்டும் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டுகிறார். "ஒரு எழுநூறு ரூவா இருந்தா குடுங்கக்கா, சனிக்கிழமை தந்துடறேன்" என்ற பேச்சு இந்த ஊரில் எந்த காம்பவுண்டிலும் கேட்கக்கூடியது.

மூணு நாளைக்கு முன்னாடி வாங்கிய சம்பளம் எங்கே போனது? ஊதாரித்தனமா? குடியா? சினிமாவா? இப்படித்தான் பலரும் கேட்கிறார்கள். ஆனால் நோட்டை எடுத்து எழுதிப் பார்த்தால் வேறு விஷயம் தெரிகிறது. பல வீடுகள் செலவால் சாயவில்லை. தவணையால் சாய்கின்றன.

ஒரு வீட்டுக் கணக்கு

உதாரணத்துக்கு ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். தென்மாவட்டத்தில் இருந்து பிழைக்க வந்த குடும்பம். புருஷன் டெய்லர், பெண்டாட்டி செக்கிங். ரெண்டு பிள்ளைகள். அவருக்கு வாரம் 3 ஆயிரத்து 500, அந்த அம்மாவுக்கு 2 ஆயிரத்து 200. ஆக மொத்தம் வாரம் 5 ஆயிரத்து 700. நாலு வாரத்துக்கு 22 ஆயிரத்து 800 ரூபாய்.

இனி நாலு வாரச் செலவு. வாடகையும் கரண்ட்டும் 5 ஆயிரத்து 100. காஸ், கேபிள், போன் ரீசார்ஜ் 1,500. மளிகை, காய்கறி, பால், ஞாயிற்றுக்கிழமை கறி எல்லாம் சேர்த்து வாரம் 1,600 வீதம் 6 ஆயிரத்து 400. வண்டிக்கு பெட்ரோல் 1,200. பள்ளிக்கூடச் செலவு ஆயிரம். ஆஸ்பத்திரி, மருந்து 600. டீ, வடை, புருஷனின் கைச்செலவு வாரம் 400 வீதம் 1,600.

கூட்டினால் 17 ஆயிரத்து 400 ரூபாய். கையில் மீதி 5 ஆயிரத்து 400. பரவாயில்லையே, கெட்டிக்காரக் குடும்பம் என்று தோன்றும். இந்தச் செலவில் ஆடம்பரம் என்று எதையும் பெரிசாகச் சொல்ல முடியாது.

இப்போது தவணையை எழுதுவோம். ஒரு குரூப் லோன் வாரம் 700, அதாவது 2 ஆயிரத்து 800. இன்னொரு குரூப் லோன் வாரம் 650, அது 2 ஆயிரத்து 600. பைக் டியூ 2 ஆயிரத்து 600. செல்போன் தவணை 1,200. அடகு நகைக்கு வட்டி 500. மொத்தம் 9 ஆயிரத்து 700 ரூபாய்.

கையில் இருப்பது 5 ஆயிரத்து 400. கட்ட வேண்டியது 9 ஆயிரத்து 700. நாலு வாரத்துக்கு ஒருமுறை 4 ஆயிரத்து 300 ரூபாய் துண்டு விழுகிறது. இந்தத் துண்டை எதைப் போட்டு அடைப்பது? அங்கேதான் வருகிறார் தண்டல்காரர்.

34 நாளில் தீரும் பணம், 100 நாள் ஓடும் கடன்

தண்டல் கணக்கு எல்லோருக்கும் தெரிந்ததுதான். 10 ஆயிரம் ரூபாய் கடன். 1,500 ரூபாயைப் பிடித்துக்கொண்டு கையில் கொடுப்பது 8 ஆயிரத்து 500. தினமும் 100 ரூபாய் வீதம் 100 நாள் கட்ட வேண்டும்.

"நூறு நாளைக்கு ஆயிரத்து ஐநூறுதானே வட்டி" என்று பேசுகிறார்கள். அப்படி இல்லை. முதல் நாளில் இருந்தே அசல் குறைந்துகொண்டு வருகிறது. அம்பதாவது நாளில் பாதிக் கடனை அடைத்தாகிவிட்டது. ஆனால் வட்டி மட்டும் முழுப் பணத்துக்கும் முன்கூட்டியே பிடித்தாகிவிட்டது. சரியாகக் கணக்குப் போட்டால் நூற்றுக்கு மாதம் 10 ரூபாய் வட்டி. ஆண்டுக்கு 120 சதவீதம்!

சரி, அந்த வீட்டுக்கு வருவோம். தண்டல் வாங்கிய அன்றைக்கே தினம் 100 ரூபாய் என்று புதுத் தவணை ஆரம்பித்துவிடுகிறது. நாலு வாரத்துக்கு 2 ஆயிரத்து 800. ஏற்கனவே 4 ஆயிரத்து 300 துண்டு. இப்போது துண்டு 7 ஆயிரத்து 100 ஆகிவிட்டது. கையில் வாங்கிய 8 ஆயிரத்து 500 ரூபாய் 34 நாளில் தீர்ந்துவிடும். ஆனால் தண்டல் 100 நாள் ஓடும். மீதி 66 நாளைக்கு என்ன செய்வது?

இன்னொரு தண்டல். அல்லது மூணாவது குரூப். அல்லது தோடு, மூக்குத்தி. இப்படித்தான் ஒரு கடனை அடைக்க இன்னொரு கடன் என்று சங்கிலி நீளுகிறது. யாரும் ஒரே நாளில் கடன்காரர் ஆவதில்லை. 4 ஆயிரம் ரூபாய் துண்டில்தான் ஆரம்பிக்கிறது.

கொடுக்கிறவர் கணக்கு வேறு

"கட்ட முடியாதவங்களுக்கு எதுக்கு கடன் குடுக்கறாங்க?" என்று ஒரு கேள்வி உண்டு. இதற்கு விதிமுறை இருக்கிறது. 2022-ம் ஆண்டு ஏப்ரல் 1-ந்தேதி முதல் அமலுக்கு வந்த ரிசர்வ் வங்கி விதிப்படி, ஆண்டுக்கு 3 லட்சம் ரூபாய் வரை வருமானம் உள்ள குடும்பத்துக்கு ஜாமீன் சொத்து இல்லாமல் கொடுக்கும் கடன்தான் நுண்கடன். அப்படிப்பட்ட குடும்பம் மாதாமாதம் கட்டும் எல்லாக் கடன் தவணையும் சேர்ந்து, மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக்கூடாது.

நல்ல விதிதான். ஆனால் நமது உதாரண வீட்டில் தண்டல் வாங்குவதற்கு முன்பு தவணை 9 ஆயிரத்து 700. வருமானத்தில் அது 43 சதவீதம்கூட இல்லை. அதாவது விதிப்படி பார்த்தால் இந்த வீட்டுக்கு இன்னும்கூட கடன் கொடுக்கலாம்! ஆனால் அந்த வீடு ஏற்கனவே மூழ்க ஆரம்பித்துவிட்டது.

இதைத்தான் ஒவ்வொரு குடும்பமும் புரிந்துகொள்ள வேண்டும். கொடுக்கிறவர் பார்ப்பது வருமானத்தில் பாதி. வீடு பார்க்க வேண்டியது வாடகை, சோறு, பள்ளிக்கூடம், மருந்து போக மிச்சம். இந்த வீட்டுக்கு அந்த மிச்சம் 5 ஆயிரத்து 400. அதுதான் அந்த வீட்டின் எல்லை. "லோன் பாஸ் ஆயிடுச்சு" என்றால் நம்மால் கட்ட முடியும் என்று அர்த்தம் இல்லை. அவர்களால் கொடுக்க முடியும் என்று மட்டுமே அர்த்தம்.

ஆர்டர் குறைந்தால்...

பனியன் தொழிலில் எல்லா வாரமும் ஒரே சம்பளம் வருவதில்லை. பீஸ் ரேட்டில் வேலை செய்பவருக்கு பீஸ் இருந்தால்தான் காசு. தீபாவளி, பொங்கலுக்கு ஊருக்குப் போனால் அந்த வாரம் சம்பளமே இல்லை. ஆனால் தவணைக்கு லீவு கிடையாது.

2025-ம் ஆண்டு ஆகஸ்டு 27-ந்தேதி முதல் இந்தியப் பொருட்களுக்கு அமெரிக்கா 50 சதவீத வரி போட்டபோது இது நன்றாகத் தெரிந்தது. அமெரிக்காவுக்குப் போகும் ஆர்டர்கள் நிறுத்தி வைக்கப்பட்டன. அரை ஷிப்ட் என்பது தொழிலாளிக்கு சும்மா இல்லை. ஒன்றரை ஷிப்டை நம்பித்தான் தவணையே வாங்கியிருக்கிறார்கள். உதாரண வீட்டில் வாரம் ஆயிரம் ரூபாய் மட்டும் குறைந்தது என்று வையுங்கள். நாலு வாரத்துக்கு 18 ஆயிரத்து 800 வரும். செலவு போக மிச்சம் 1,400 ரூபாய்தான். தவணை அதே 9 ஆயிரத்து 700. துண்டு 8 ஆயிரத்து 300!

ஆகவே தவணைக்கு ஒத்துக்கொள்ளும் முன்பு நல்ல வாரச் சம்பளத்தை வைத்துக் கணக்குப் போடக்கூடாது. ஓவர்டைம் இல்லாத வாரத்தின் சம்பளத்தை வைத்துத்தான் போட வேண்டும். ஓவர்டைம் காசு வந்தால் அது சேமிப்பு. வராவிட்டாலும் வீடு நிற்கும்.

வாசலில் உட்கார்ந்தால்?

தவணை தவறினால் என்ன நடக்கிறது என்பதும் ஊருக்கே தெரியும். ஒருத்தர் கட்டவில்லை என்றால் குரூப்பில் உள்ள மற்றவர்கள் போட்டுக் கட்ட வேண்டிய நிலை. கூடப் பழகியவர்களே பகையாகிறார்கள். வீட்டு வாசலில் உட்காருவது, சொந்தக்காரருக்கு போன் போடுவது, அக்கம்பக்கம் கேட்கும்படி பேசுவது... பலர் ஊரைவிட்டே போகிறார்கள்.

ஆனால் ரிசர்வ் வங்கி விதி என்ன சொல்கிறது?

* காலை 9 மணிக்கு முன்போ, மாலை 6 மணிக்குப் பிறகோ கடன்காரருக்கு போன் செய்து வசூல் கேட்கக்கூடாது.

* இரு தரப்பும் பேசி முடிவு செய்த இடத்தில்தான் வசூல். தொடர்ந்து இரண்டு முறையோ அதற்கு மேலோ அங்கே வராவிட்டால் மட்டுமே வீட்டுக்கோ வேலை இடத்துக்கோ வரலாம்.

* மிரட்டுவது, கேவலமாகப் பேசுவது, சொந்தக்காரர், நண்பர்களைத் தொந்தரவு செய்வது கூடாது.

* வட்டி எவ்வளவு, கட்டணம் எவ்வளவு என்று எழுதிய விவரத் தாளும், நமக்குப் புரியும் மொழியில் லோன் கார்டும் கொடுக்க வேண்டும்.

* முன்கூட்டியே மொத்தமாக அடைத்தால் அபராதம் வாங்கக்கூடாது. தவணை தவறினால் பாக்கி நிற்கும் தொகைக்கு மட்டும்தான் அபராதம், முழுக் கடனுக்கும் இல்லை.

விதி மீறினால் முதலில் அந்த நிறுவனத்திடமே எழுத்து மூலம் புகார் கொடுக்க வேண்டும். 30 நாளில் பதில் இல்லை என்றால் ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளரிடம் போகலாம். விவரம் கேட்க 14448 என்ற எண் இருக்கிறது. இது வங்கி, பதிவு பெற்ற நிதி நிறுவனங்களுக்கு.

தண்டல், கந்துவட்டி, மீட்டர் வட்டி வேறு கதை. அதற்கு 2003-ம் ஆண்டே தமிழ்நாட்டில் கந்துவட்டி தடைச் சட்டம் வந்துவிட்டது. 3 ஆண்டு வரை சிறை, 30 ஆயிரம் ரூபாய் வரை அபராதம். 2025-ம் ஆண்டு ஏப்ரலில் கட்டாய வசூலைத் தடுக்க இன்னொரு மசோதா சட்டசபையில் நிறைவேறி, ஜூன் மாதம் கவர்னர் ஒப்புதலுடன் சட்டமானது. அதில் 3 ஆண்டு வரை சிறை, 5 லட்சம் ரூபாய் வரை அபராதம்.

சட்டம் இருந்தும் என்ன நடந்தது என்பதை தமிழ்நாடு பார்த்திருக்கிறது. 2017-ம் ஆண்டு அக்டோபர் 23-ந்தேதி நெல்லை கலெக்டர் அலுவலகத்தில், கந்துவட்டிக் கொடுமையால் ஒரு கூலித் தொழிலாளி தனது மனைவி, இரண்டு குழந்தைகளுடன் தீக்குளித்தார். நாலு உயிர் போனது. கடன் என்பது பணம் சம்பந்தப்பட்டது. உயிர் சம்பந்தப்பட்டது அல்ல. மனசு அந்தப் பக்கம் போனால் 104 அல்லது 14416 எண்ணுக்கு போன் செய்து பேசலாம். கட்ட முடியவில்லை என்று சொல்வது குற்றம் இல்லை, கேவலமும் இல்லை.

எதை முதலில் அடைப்பது?

கடனில் இருக்கும் வீட்டில் பலரும் செய்யும் தப்பு, யார் ரொம்ப சத்தம் போடுகிறாரோ அவருக்கு முதலில் கட்டுவது. யாருக்கு வட்டி அதிகமோ அவருக்குத்தான் முதலில் கட்டி முடிக்க வேண்டும். அப்படிப் பார்த்தால் முதலில் ஒழிக்க வேண்டியது தண்டல்.

வீட்டில் ஒரு கிராம், ரெண்டு கிராம் நகை இருந்தால் அதை வைத்து வங்கியிலோ கூட்டுறவு வங்கியிலோ கடன் வாங்கி தண்டலை முடிப்பது லாபம். 8 ஆயிரத்து 500 ரூபாய்க்கு 100 நாளைக்கு தண்டல் வட்டி 1,500. அதே பணத்துக்கு ஆண்டுக்கு 10 சதவீத வட்டியில் நகைக்கடன் என்றால் 100 நாளைக்கு 233 ரூபாய்தான். மதிப்பீட்டுக் கட்டணம் சேர்த்தாலும் கிட்டவே வராது. நகையைக் கழட்டினால் நாலு பேர் என்ன நினைப்பார்கள் என்ற கூச்சத்துக்கு 1,200 ரூபாய்க்கு மேல் விலை கொடுக்கத்தான் வேண்டுமா?

ஆனால் நகைக்கடனிலும் கவனம் வேண்டும்.  2025-ல் ரிசர்வ் வங்கி அறிவித்து, 2026 ஏப்ரல் 1-ந்தேதிக்குள் எல்லா நிறுவனங்களும் பின்பற்ற வேண்டிய விதிப்படி, அசலும் வட்டியும் கடைசியில் மொத்தமாகக் கட்டும் நகைக்கடனுக்கு 12 மாதம்தான் கெடு. அடைத்த பிறகு நகையை 7 வேலை நாளுக்குள் திருப்பித் தர வேண்டும். அவர்கள் பக்கத் தாமதம் என்றால் நாளுக்கு 5 ஆயிரம் ரூபாய் இழப்பீடு. கெடு தேதியை காலண்டரில் வட்டம் போட்டு வைப்பது நல்லது.

தீபாவளி போனசில் ஒரு முடிவு

தண்டலில் விழும் முன்பே விழித்துக்கொண்டால் வழி இருக்கிறது. உதாரண வீட்டுக்கே வருவோம். சட்டப்படி குறைந்தபட்ச போனஸ் 8.33 சதவீதம். முழுச் சம்பளத்துக்கும் கணக்குப் போட்டுக் கொடுத்தால் ரெண்டு பேருக்கும் சேர்த்து ஏறக்குறைய 24 ஆயிரத்து 700 ரூபாய் வரும்.

இரண்டாவது குரூப் லோனில் 24 வாரம் பாக்கி என்றால் 15 ஆயிரத்து 600. முன்கூட்டியே அடைத்தால் வட்டி குறைந்து அதைவிடக் கம்மியாகவே வரும். செல்போன் தவணை ஐந்து மாதம் பாக்கி, 6 ஆயிரம். ரெண்டையும் முடித்தால் மிஞ்சிப் போனால் 21 ஆயிரத்து 600.

மீதி 3 ஆயிரம் சொச்சம்தான் தீபாவளிக்கு. பிள்ளைகளுக்கு மட்டும் துணி. பட்டாசு ஒரு பை. ஊருக்குப் போவது பொங்கலுக்கு. கசக்கத்தான் செய்யும். ஊரில் இருந்து அம்மா போன் போட்டு "ஏம்ப்பா வரல" என்று கேட்டால் பதில் சொல்வது கஷ்டம்.

ஆனால் அடுத்த சனிக்கிழமையில் இருந்து என்ன ஆகிறது என்று பாருங்கள். தவணையில் 3 ஆயிரத்து 800 குறைந்துவிட்டது. துண்டு விழுந்தது 4 ஆயிரத்து 300. இனி 500 ரூபாய்தான் இடிக்கும். அதை டீச்செலவில் பிடித்தால்கூட சரியாகிவிடும். ஒரு தீபாவளியை விட்டுக்கொடுத்தால் ஒரு வருஷம் தண்டல்காரர் வாசலுக்கு வராமல் இருப்பார்.

சின்னச் சின்ன மிச்சம்

500 ரூபாயை எங்கே பிடிப்பது? வயிற்றைக் கட்ட வேண்டியதில்லை. கையில் இருப்பதைப் பயன்படுத்தினாலே போதும்.

பனியன் தொழிலாளி சம்பளத்தில் 0.75 சதவீதம் ஈ.எஸ்.ஐ.க்குப் பிடிக்கிறார்கள். குடும்பத்துக்கே சிகிச்சை உண்டு. ஆனால் வரிசையில் நிற்க நேரம் இல்லை என்று பலரும் தனியார் கிளினிக்கில் காசைக் கொடுக்கிறார்கள். காய்ச்சல், சளிக்கு அவசரம் என்றால் சரி. சர்க்கரை, பிரஷர் என்று மாதாமாதம் வாங்கும் மாத்திரைக்காவது அந்தக் கார்டை எடுக்கலாம்.

ரேஷன் கார்டு சொந்த ஊரில் இருக்கிறது என்று அரிசி, பருப்பை கடை விலைக்கு வாங்குகிறவர்கள் உண்டு. 2020 அக்டோபரில் இருந்தே தமிழ்நாட்டுக்குள் வேறு ஊர் ரேஷன் கடையிலும் கைரேகை வைத்துப் பொருள் வாங்க வழி செய்யப்பட்டிருக்கிறது. 2025-ம் ஆண்டு நிலவரப்படி ரேஷனில் துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய். வெளிக்கடை விலையோடு ஒப்பிட்டால் மாதம் 100, 200 இதிலேயே நிற்கும்.

மளிகைக் கடையில் நோட்டுக் கணக்கு வைத்திருப்பவர்கள் சனிக்கிழமை முழுசாக அடைத்துவிடுவது நல்லது. பாக்கி நின்றால் விலை கேட்க வாய் வராது. கடைக்காரர் போட்டதுதான் கணக்கு.

ஒரு நோட்டு போதும்

கடைசியாக ஒன்று. இந்த ஊரில் பல வீடுகளில் புருஷன் வாங்கிய கடன் பெண்டாட்டிக்குத் தெரியாது. பெண்டாட்டி போட்டிருக்கும் மூணாவது குரூப் புருஷனுக்குத் தெரியாது. ரெண்டு பேரும் தனித்தனியே சமாளிக்கிறார்கள். வாசலில் ஆள் வந்து நிற்கும்போதுதான் உண்மை வெளியே வருகிறது. அப்புறம் சண்டை, அடிதடி, போலீஸ் ஸ்டேஷன்.

சனிக்கிழமை சம்பளம் வந்ததும் செலவு செய்யும் முன்பு பத்து நிமிஷம் ரெண்டு பேரும் உட்கார்ந்து, யாருக்கு எவ்வளவு பாக்கி, எந்தக் கிழமை கட்டணும் என்று ஒரே நோட்டில் எழுதினால் போதும். தவணைப் பணத்தைத் தனி டப்பாவில் போட்டுவிட்டு, மிச்சத்தை வைத்துத்தான் அந்த வாரம். புதுசாக யார் வந்து கடன் கொடுக்கிறேன் என்றாலும், "நோட்டைப் பாத்துட்டு சொல்றோம்" என்று ஒரு வாரம் தள்ளிப்போட்டாலே பாதிக் கடன் வாங்காமல் போகும்.

ஒரு நோட்டின் விலை 20 ரூபாய். தண்டல்காரருக்கு ஒரு நாள் கட்டும் பணத்தில் ஐந்து நோட்டு வாங்கலாம்.